அறிவுக்கொழுந்தின் அப்பா

பொம்மைக் கடையில் அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். எல்லோரும் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை ஏறெடுத்தும் பாராமல் ஜாதகக் கட்டத்தையே முறைத்துக்கொண்டிருக்கும் பெரியப்பா மாதிரி. கடைப்பையன் பொறுமையிழந்து, "சாவி குடுத்தா குரங்கு டிரம் அடிக்கும் சார்" என்பான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது சரிப்பா, குரங்கு டிரம் அடிச்சா குழந்தைக்கு என்ன டெவலப் ஆகும்?" என்று கேட்பார்.

கடைப்பையனுக்குத் தெரியாது. குரங்குக்கும் தெரியாது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இப்படி ஒருவர் இருக்கிறார். உங்கள் குடியிருப்பிலும் இருப்பார், மாடிதான் மாறும். வயது முப்பத்தைந்து, சாஃப்ட்வேர் வேலை, ஒரே பெண் குழந்தை. அவளுக்கு இரண்டரை வயது. அழகான பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த வீட்டு வாசலில் தினமும் வந்து இறங்கும் பார்சல்களைப் பார்த்து நான் மனசுக்குள் வைத்த பெயர் அறிவுக்கொழுந்து. ஆகவே இவர் அறிவுக்கொழுந்தின் அப்பா.

அவர் அகராதியில் பொம்மை என்ற சொல் கிடையாது. 'லேர்னிங் மெட்டீரியல்' உண்டு. விளையாட்டும் கிடையாது, 'ஆக்டிவிட்டி'தான். ஒருநாள் லிஃப்டில் முகம் வாடி நின்றார். "ஃபைன் மோட்டார் கொஞ்சம் வீக்கா இருக்கு சார்" என்றார். நான் தண்ணீர் மோட்டார் என்று நினைத்து, "காயில் போயிருக்கும். வாட்ச்மேன்கிட்ட சொல்லுங்க, அவருக்கு ஆள் தெரியும்" என்றேன். அப்புறம்தான் விளக்கினார். விரலால் சின்னப் பொருளை எடுப்பது, பிடிப்பது, திருகுவதெல்லாம் ஃபைன் மோட்டாராம். ஓடுவது, குதிப்பது, ஏறுவது கிராஸ் மோட்டாராம். அன்றைக்குக் காலையில்தான் அறிவுக்கொழுந்து தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் மூக்குத்தியைத் திருகிக் கழற்றி வாஷ்பேசினுக்குள் போட்டிருந்தாள். இதற்கு மேலும் என்ன ஃபைன் வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

இந்தக் கல்விப் பணி பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. வளைகாப்பன்று ஊர்ப் பெண்கள் வளையல் அடுக்கிப் பாடிக்கொண்டிருக்க, இவர் ஹெட்ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது முடிப்பார்கள் என்று காத்திருந்தார். வயிற்றுக்குள் இருப்பவளுக்கு மோட்சார்ட் கேட்பிக்கும் நேரம் தள்ளிப்போய்க்கொண்டிருந்ததாம்.

மோட்சார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற நம்பிக்கை பிறந்த கதை வேடிக்கையானது. 1993-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. கல்லூரி மாணவர்கள் 36 பேர் பத்து நிமிஷம் மோட்சார்ட் கேட்டார்கள். காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி விரியும் என்பது மாதிரியான கேள்விகளில் கொஞ்சம் கூடுதலாக மார்க் வாங்கினார்கள். அந்தக் கூடுதல் புத்தி பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டது. ஒரு டம்ளர் காபிக்கே இதைவிட ஆயுசு அதிகம். ஆய்வில் கைக்குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கப் பட்ஜெட்டில் பணம் கேட்டார். நம் ஊர் விலையில்லா மிக்ஸி மாதிரிதான். என்ன, மிக்ஸி சட்னியாவது அரைக்கும்.

அதே காலத்தில் 'பேபி ஐன்ஸ்டைன்' என்று குழந்தைகளுக்கான வீடியோக்கள் அங்கே சக்கைப்போடு போட்டன. விமர்சனம் வலுத்து, 2009-ல் டிஸ்னி நிறுவனம் டிவிடி வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இதை ஒரு பாடமாக இருக்கட்டுமே என்று அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ரீஃபண்டுக்கு எந்த லிங்க் சார்?" என்றார்.

அடுத்தது மான்டிசோரி. இந்தச் சொல் ஒட்டியிருந்தால் அவர் விளக்குமாற்றையும் வாங்குவார். வாங்கியும் இருக்கிறார். குழந்தை உயரத்துக்கு ஒரு விளக்குமாறு, கூடவே குட்டி முறம், 799 ரூபாய். மரியா மான்டிசோரி அம்மையார் நமக்கு அந்நியர் இல்லை. 1939-ல் மகனோடு சென்னை வந்து அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர் மூண்டதால் இங்கேயே தங்கி, கொடைக்கானலிலும் இருந்து, 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். பெருக்குவது, துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது மாதிரியான நிஜ வேலைகளைக் குழந்தை தன் கையால் செய்து பழகட்டும் என்றவர் அவர். இங்கே நடப்பதோ வேறு. அறிவுக்கொழுந்து வீட்டுத் துடைப்பத்தைத் தொட்டால், "சீ, அழுக்கு" என்று பிடுங்கிவிடுவார்கள். பிறகு கை கழுவிவிட்டு 799 ரூபாய்த் துடைப்பத்தைக் கொடுத்து, "இப்ப பெருக்கு செல்லம்" என்பார்கள். அதற்குள் அவளுக்குப் பெருக்கும் ஆசை போயிருக்கும்.

அம்மையாரின் சாதனங்களில் பேர்போனது இளஞ்சிவப்புக் கோபுரம். பத்து மரக்கட்டைகள். பெரியது பத்து சென்டிமீட்டர், சின்னது ஒரு சென்டிமீட்டர். பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக அடுக்க வேண்டும். இவர் வாங்கிய பெட்டியில் '3+' என்று போட்டிருந்தது. நான் சுட்டிக்காட்டினேன். "நம்ம பொண்ணு கொஞ்சம் அட்வான்ஸ்டு சார்" என்றார் அடக்கத்தோடு. பெட்டியின் பின்பக்கத்தை எழுத்தெண்ணிப் படிக்கிறவர், வயசு போட்ட வரியை மட்டும் பரீட்சைக் கேள்வி மாதிரி எடுத்துக்கொள்வார். மூன்று வயதுக்கானதை இரண்டரையில் முடித்தால் ஆறு மாதம் லாபம்.

அட்டைப்பெட்டிக் கதை எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பொம்மை வரும், குழந்தை அதைத் தள்ளிவிட்டுப் பெட்டிக்குள் ஏறி உட்காரும். மற்ற அப்பாக்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவர் கூகுளில் தேடினார். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில், தலைசிறந்த பொம்மைகளுக்கென்று ஒரு கௌரவப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் 2005-ல் அட்டைப்பெட்டியைச் சேர்த்தார்கள், 2008-ல் குச்சியைச் சேர்த்தார்கள். படித்த கையோடு அவர் 'இமேஜினேஷன் பாக்ஸ்' என்று ஒன்றை 1,899 ரூபாய்க்கு ஆர்டர் செய்தார். கற்பனையை வளர்க்கும் வெறும் அட்டைப்பெட்டி. அது கசங்காமல் வர வேண்டுமே என்று இன்னொரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தார்கள். அறிவுக்கொழுந்து வெளிப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாள். அவர் மூன்று ஸ்டார் போட்டு, 'பேக்கிங் அருமை' என்று எழுதினார்.

குச்சி விஷயத்தை நான் கிளறவில்லை. முருங்கைக் குச்சி கூரியரில் முழுசாக வந்து சேராது.

இந்த நேரத்தில்தான் அவருடைய அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இறங்கினார்கள். பேத்தியின் கல்விச் சாதனங்களை மகன் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கடைசியில் 'வுடன் கிச்சன் செட்', 2,499 ரூபாய். சிவப்பும் மஞ்சளுமாய்க் குட்டி ஆட்டுக்கல், திருகை, உரல், உலக்கை, குடம், சட்டி. ஆச்சி குடத்தைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏல, இது நம்மூரு மரச்சொப்புல்லா! கடசல் புடிச்சது. எவ்ளோ குடுத்த?"

பயத்தில் அவர் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கினார். "ஐநூறும்மா."

"ஐநூறா! உங்கப்பா இதை ஒங்கக்காளுக்குப் பன்னெண்டு ரூவாய்க்கு வாங்கிட்டு வந்தாவ. நீ அந்த ஒலக்கையச் சப்பித்தாம்ல பல்லு மொளச்ச."

"அது வேறம்மா. இது ப்ரிடென்ட் ப்ளே."

"என்னது?"

"சமைக்கிற மாதிரி நடிச்சு விளையாடறது."

"அதத்தான நாங்களும் வெளையாண்டோம்" என்று சொல்லிவிட்டு ஆச்சி பேத்தியோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். அன்று தொடங்கிய சமையல் ஒரு வாரம் ஓய்வில்லாமல் நடந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக் காலிங்பெல் அடித்தது. வெளிறிய முகத்தோடு அறிவுக்கொழுந்தின் அப்பா. "சார், ஒரு சென்டிமீட்டரைக் காணோம்!"

நான் புரியாமல் விழித்தேன். கோபுரத்தின் உச்சிக் கட்டையைக் காணவில்லை. குழந்தை விழுங்கிவிட்டாளோ என்று பயம். போய்ப் பார்த்தால் வீடு தலைகீழாகக் கிடந்தது. சோபா ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது, செல்போன் விளக்கோடு நாலு பேர் தரையில் தவழ்கிறார்கள், குழந்தையின் அம்மா அழுகிறார், இவர் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கார் சாவியைத் தேடுகிறார். ஆச்சி மட்டும் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"ஏட்டி, அந்தச் சின்னக் கட்டைய என்ன செஞ்ச?"

"கொயம்பு" என்றாள் அறிவுக்கொழுந்து.

சொப்புச் சட்டியைக் கவிழ்த்தோம். ஒரு சென்டிமீட்டர் கட்டை, இரண்டு சென்டிமீட்டர் கட்டை, ஜிக்சாவில் யானையின் தும்பிக்கை, ஒரு கறிவேப்பிலை. எல்லாம் வெந்துகொண்டிருந்தன. ஆச்சி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "உப்புப் பத்தலையே" என்றார். குழந்தை உப்பு எடுக்க ஓடினாள்.

அவர் அந்தக் கட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு கோபுரப் பெட்டியைத் தேடி எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, '3+' என்ற வரியை முதல் தடவையாகப் படிக்கிறவர் மாதிரிப் படித்தார்.

மனுஷனைச் சொல்லிக் குற்றமில்லை. எல்.கே.ஜி. சேர்க்கைக்கே குழந்தையை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் ஊரில், பம்பரத்திலும் மார்க் இருக்குமோ என்றுதான் ஓர் அப்பாவுக்குத் தோன்றும். அவருக்குச் சின்ன வயதில் யாரும் எதையும் டெவலப் செய்யவில்லை. "நுங்கு வண்டி தவிர ஒண்ணும் கிடையாது சார்" என்றார் மொட்டைமாடியில் ஒருநாள். நுங்கு தின்றுவிட்டு எறிந்த வெறுங்கூட்டுக்கு எங்கள் பக்கம் கூந்தல் என்று பெயர். இரண்டு கூந்தலைக் குச்சியில் கோத்தால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. "ஓரம் சரியா சீவலன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். அதுக்கு ஒரு பக்கம் சின்னதா செதுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போனார். பேலன்ஸ், ஆக்சில், அலைன்மென்ட் என்று எந்தப் பெட்டியின் பின்பக்கமும் அவருக்குச் சொன்னதில்லை. என்றாலும் மூன்றையும் அத்துப்படியாக வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு, தெருமுனையில் நுங்கு விற்பவரிடம் கூந்தல் வாங்கி வந்து மொட்டைமாடியில் வண்டி தயாரானது. அறிவுக்கொழுந்து கையை நீட்டினாள். "இரு செல்லம், அப்பா டெமோ காட்டறேன்" என்று தள்ளிக்கொண்டு ஓடினார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி முக்கால் மணி நேரம் ஓடினார். குழந்தை தன் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். கடைசிவரை வண்டியை அவளிடம் கொடுக்கவில்லை.

அடுத்த முறை பொம்மை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயத்துக்காகப் படியுங்கள். ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு, மற்றபடி 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். இரண்டு, வயசு போட்ட வரி. மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கான பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் குறுக்களவில் ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டு அதற்குள் முழுசாக அடங்கினால், குழந்தையின் தொண்டையிலும் சிக்கும் என்று அர்த்தம். பட்டன் பேட்டரி போட்ட பொம்மை என்றால் மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

அப்பா பார்க்க வேண்டியது அவ்வளவுதான். குரங்கு டிரம் அடித்தால் என்ன டெவலப் ஆகும் என்பதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.