பழத்துக்கு மாலை, மரத்துக்கு அளவுக்கல்

சேலத்திலிருந்து காரியமாகச் சென்னைக்குப் போகிறவர் சீசனில் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு கூடை மாம்பழம் கூடவே போகும். மல்கோவா என்றால் மேலிடத்துக்கு. இமாம் பசந்த் என்றால் அதற்கும் மேலிடத்துக்கு. கிளிமூக்கு உங்களுக்கும் எனக்கும். கூடைக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் பழம், பழத்துக்குள் கோரிக்கை. இந்தக் கூடைகள் நகர்த்திய கோப்புகளை எண்ணினால், மாம்பழத்தைத்தான் தலைமைச் செயலாளராகப் போட வேண்டும்.

அந்தக் கூடை நிரம்புகிற இடங்களில் ஒன்று குப்பனூர். சேர்வராயன் மலையின் அடிவாரம். கொண்டை ஊசிப் பாதையில் பாறை உருண்டால் ஏற்காட்டு வண்டிகளை இந்த வழியாகத்தான் திருப்பிவிடுவார்கள். பக்கத்தில் வரகம்பாடி. தாத்தா வைத்த மரத்தில் பேரன் பழம் பறிக்கிற தோப்புகள். பழத்தை எல்லாருக்கும் தெரியும். மரத்தை யாருக்கும் தெரியாது.

தெரியாமலே இருந்திருக்கலாம். 2018-இல் தெரிந்துவிட்டது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை. 277 கிலோமீட்டர். 10,000 கோடி ரூபாய். ஐந்து மாவட்டம். அதற்கு வைத்த பெயர் ‘பசுமை வழிச்சாலை’. கோழிக்கடை வாசலில் ‘பறவைகள் சரணாலயம்’ என்று பலகை மாட்டுகிற துணிச்சல் அது. சேலத்தைச் சுற்றிய கிராமங்களில் போலீஸ் துணையோடு அளவுக்கல் நட்டார்கள். கன்று நட ஆள் இல்லை என்ற அரசாங்கத்துக்குக் கல் நட ஆள் கிடைத்தது. கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாமே! மறித்தவர்களை வேனில் ஏற்றினார்கள். தோப்பைக் காப்பவனுக்கு இந்த நாட்டில் ஒரு பட்டம் உண்டு: வளர்ச்சிக்கு எதிரி.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேண்டுமானால் முறைப்படி புதிதாக அறிவித்துக்கொள்ளலாம் என்றது. ஆக, மாமரத்தின் ஆயுள் அடுத்த அறிவிக்கை வரைக்கும்.

சரி, மலைக்கு மேலே போவோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபியும் பேரியும் கொண்டுவந்து நட்டார். அவர் வந்தது வரி வசூலிக்க, புண்ணியத்துக்கு அல்ல. ஆனாலும் நட்டது காய்த்தது. பிறகு காபிச் செடிகளுக்கு நடுவே கமலா ஆரஞ்சு தொங்கியது. அந்த மரங்களில் பாதியை நோய் தின்றது. மீதியைக் கட்டடம் தின்றது. கட்டடத்தைக் கட்டுப்படுத்த 1990-லேயே மலையிடப் பாதுகாப்புக் குழுமம் போட்டாயிற்று. குழுமம் இருக்கிறது. கட்டடமும் இருக்கிறது. ஆரஞ்சைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் விழாவுக்குக் குறைவில்லை. மே மாதம் ஏற்காட்டில் பூவால் உருவம் செய்வார்கள். குன்னூரில் பழத்தால் செய்வார்கள். டன் கணக்கில் பழம். முதல் நாள் அமைச்சர், இரண்டாம் நாள் செல்ஃபி, மூன்றாம் நாள் ஈ. காய்க்கிற மரத்துக்கு உரம் போட நிதி இல்லை. காய்க்காத கழுகுக்குத் திராட்சையால் இறகு ஒட்ட நிதி இருக்கிறது.

கன்று நடும் விழாவையும் பார்த்திருப்பீர்கள். குழி முந்தின நாளே தயார். கன்று ஒன்று. அதைப் பிடித்திருக்கும் கை பதினான்கு. கேமராவைப் பார்த்தபடியே இறக்குவார்கள். பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே மண்ணைத் தள்ளுவார்கள். வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சாகும். அடுத்த வருஷம் அதே குழி, அதே பதினான்கு கை, புதுக் கன்று. நம் ஊரில் தவறாமல் பலன் தருவது அந்தக் குழி ஒன்றுதான்.

பழைய தோப்பு மீளவே மீளாதா? மீளும். சிறுமலையைப் பாருங்கள். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து மலைவாழையைத் துடைத்தெடுத்தது. விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்தார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தோடு உட்கார்ந்தார்கள். நோயில்லாத கன்றை உண்டாக்கி மறுபடி நட்டார்கள். 2008-இல் சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நட்டவன் தினமும் போய்ப் பார்த்தான், வாழை வந்தது. ரிப்பன் வெட்டி எந்த வாழையும் குலை தள்ளியதில்லை.

ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே ஒரு போத்து கிளம்பும். பச்சைப்பசேல் என்று, மேலே இருக்கும் மல்கோவாவைவிட வேகமாக வளரும். விவரம் தெரியாதவன் கன்று செழிக்கிறது என்று பூரிப்பான். வேர் இழுப்பதையெல்லாம் அதுவே குடிக்கும். விட்டுவைத்தால் மல்கோவா பட்டுப்போகும், காட்டு மாங்காய் மிஞ்சும். கண்ட அன்றே கிள்ளி எறிய வேண்டும்.

தோப்பில் நமக்கு அது தெரிகிறது. கத்தி தேடக்கூட நேரம் எடுப்பதில்லை, நகத்தாலேயே கிள்ளிவிடுகிறோம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அதே விரலில் மை வைக்கிறார்கள். அப்போது மட்டும் நகம் மழுங்கிவிடுகிறது. நம் கூடை மேலே போகிறது. ஓட்டுக் கேட்பவர்களின் கவர் கீழே வருகிறது. நடுவில் போத்து செழிக்கிறது.