304: காசு வைக்காத சூது

304 என்பது நால்வர் இரண்டு பக்கமாகப் பிரிந்து, எதிரெதிரே இருப்பவர் கூட்டாளியாக ஆடும் கடதாசி விளையாட்டு. இலங்கையில் தமிழரும் சிங்களவரும் ஆடுவது. கொழும்பில் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளிலும் கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தைகளிலும் போயா விடுமுறை இதற்கு உகந்த நாள். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற 2022 மார்ச் மாதமும் உகந்ததாகவே இருந்தது. போக்கருக்குக் காசும் கல்லுப்போன்ற முகமும் வேண்டும். இதற்கு உரத்த குரல் போதும்.

சீட்டுக்கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையானவற்றை எடுத்துவிட்டால் 32 சீட்டு மிஞ்சும். ஜக்கிற்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10. ராசாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சும்மா வந்து போகின்றன. ஓர் இனத்துக்கு 76. நான்கு இனமும் சேர்ந்து 304. ராசாவைவிடப் பணியாளான ஜக்கிற்குப் பத்து மடங்கு மதிப்புத் தரும் இந்த ஒழுங்கு, ஒல்லாந்தர் கொண்டுவந்த ஆட்டமொன்றிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கலாவரை, இஸ்கோப்பன் என்ற இனப்பெயர்களும் அவர்கள் விட்டுப்போனவையே. கோட்டைகளைப் பறிகொடுத்தவர்கள் சீட்டை மட்டும் விட்டுச் சென்றது தற்செயல் என்று தோன்றவில்லை.

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அதைப் பார்த்தே, தம் பக்கம் எத்தனை புள்ளி பிடிக்கும் என்று கேள்வி கேட்கவேண்டும். ஆகக் குறைந்தது 160. அரைக் கையைப் பார்த்து முழு வாக்குறுதி கொடுக்கும் இந்தப் பழக்கம் தேர்தல் மேடைகளிலும் உண்டு. கூடக் கேட்டவர் ஒரு சீட்டைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். பிறகு மீதி நான்கும் வரும். பெரும்பாலும் அவர் எதிர்பார்த்தவை வரமாட்டா. சுற்றில் முதலில் இறக்கிய இனம் கையில் இல்லாதவர் தன் சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். அது துரும்பா, வெறும் ஏழா என்பது சுற்று முடியும்வரை மர்மம். போக்கரின் ஏய்ப்பு இந்த ஆட்டத்தில் தலைகாட்டும் இடம் இதுதான்.

எட்டுச் சுற்றையும் தம் பக்கமே பிடிக்கும் என்று உறுதியானால் ‘கப்ஸ்’ சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் பிடித்தால் தண்டம். அடக்கத்தைக் குற்றமாக்கிய ஆட்டம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

எட்டுச் சுற்று சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பின் தொடங்குவது விசாரணை. இதற்கு விதியும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை.

“என்னட்ட ஆசு இருக்கேக்க நீர் ஏன் துரும்பால வெட்டினனீர்?”

“உம்மட்ட ஆசு இருக்கெண்டு எனக்கென்ன சாத்திரமே தெரியும்?”

“ஒன்பதை வைச்சுப் பூசையே செய்தனீர்?”

எதிர்ப்பக்கத்தார் இதில் தலையிடுவதில்லை. வென்றவர்கள் தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். குசினியிலிருந்து “சோறு ஆறுது, எழும்பி வாங்கோவன்” என்ற குரல் மூன்றாம் முறை வந்த பின்னும், “கடைசிக் கை” என்ற பெயரில் இன்னும் நான்கு கை போடப்படும்.

காசு வைக்காததால் இதில் ஒருவரும் ஏழையானதில்லை. தோற்றவர் இழப்பது மானத்தை மட்டுமே. அதையும் அடுத்த போயாவுக்கு மீட்டுவிடலாம். புதிதாகச் சேர்பவர் அரை மணித்தியாலத்தில் விதிகளைப் படித்துவிடலாம். கணவனும் மனைவியும் மட்டும் ஒரே பக்கத்தில் இருக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.