நமுத்த சேவு

விருதுநகர் மாவட்டத்தில் கடல் இல்லையே என்று யாரும் எங்களைக் கேலி பண்ண வேண்டாம். 1985 வரைக்கும் எங்களுக்கும் கடல் இருந்தது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் கூட்டுக் குடித்தனமாக இருந்தவரை ராமேஸ்வரத்துக் கடல் எங்கள் கடல்தான். அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பாகம் பிரித்தபோது கடல் மொத்தமும் மூத்தவருக்குப் போய்விட்டது. எங்கள் பங்குக்கு வெயில்.

அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சிவகாசியில் ஈரம் என்பது கெட்ட வார்த்தை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு 1923-ல் இங்கே தொடங்கினார்கள். விவசாயத்துக்கு ஆகாத அதே காய்ச்சல் பூமிதான் குச்சி காய்வதற்கும் வெடி காய்வதற்கும் தோது. பட்டாசு நமுக்கக் கூடாது, தீப்பெட்டி நமுக்கக் கூடாது, நான் பார்க்கும் காலண்டர் தொழிலில் பேப்பர் நமுக்கக் கூடாது. ஊரே மழைக்கு வேண்டிக்கொள்ளும். கூடவே, காயப்போட்டதை எடுத்த பிறகு பெய்யட்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து பொங்கல் கழிந்த வாரத்தில் குடும்பத்தோடு தரங்கம்பாடிக்கு வேன் ஏறினோம். ஆடிப்பெருக்கன்று மாதிரிக் காலண்டர் ஆல்பம் போட்டதிலிருந்து மார்கழி முடிகிறவரை காலண்டர்க்காரனுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. ஊருக்கெல்லாம் தேதி அடித்துக் கொடுப்பவனுக்கு லீவு எடுக்கத் தேதி கிடைப்பது தை மாதத்தில்தான். கையில் சாத்தூர்ச் சேவு இரண்டு கிலோ.

1792-ல் கட்டிய வெள்ளை நுழைவாயிலைத் தாண்டி ராஜ வீதிக்குள் போனால் நேரே கடல். மணல் சுட்டது. பிள்ளைகள் ஓடின. அம்மா மட்டும் வேனை விட்டு இறங்காமல், காற்றை மோந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இங்க தீக்குச்சி எப்படிப் பத்தும்?" என்றார். சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டியவர். ஓர் ஊரை வேறு எப்படி அளப்பார்?

கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று சொன்னேன்.

"பாண்டியன்னா நம்ம மதுரைக்காரர்தான? கடலை ஒட்டிக் கட்டும்போது ஒரு ஆள்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா?"

"அப்போ கடல் தள்ளி இருந்திருக்கும்மா. பிறகு உள்ளே வந்துட்டது."

"அதைத்தான் கேட்டிருக்கணும்கிறேன்."

அடுத்து டேனிஷ் கோட்டை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் 1620-ல் கட்டியது. 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். பட்டாசு வியாபாரியான மச்சான் கோட்டைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அந்தத் துட்டுக்கு இன்னைக்கு ஒரு பழைய ஆப்செட் மிஷின்தான் வரும் மாப்ள. இவங்க ரெண்டு ஊர் கொடுத்திருக்காங்க. தீபாவளி முடிஞ்ச மறுநாள் விலை."

எனக்கு அந்த ஊரில் வேறொரு கணக்கு இருந்தது. 1706-ல் இந்தக் கரையில் வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். மணல் நல்ல ஏற்பாடு. எத்தனை தரம் அழித்தாலும் பிளேட் செலவு கிடையாது. 1712-ல் லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. மறு வருஷம் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. வந்த எழுத்து ஒவ்வொன்றும் கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பேர் போடுகிற சைஸ். அந்த எழுத்தில் அடித்தால் காகிதம் தின்றே தீர்த்துவிடும். அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பாலாடைக் கட்டி வந்த பெட்டியின் ஈயத் தகட்டைக்கூட உருக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் போட்டார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுசாகத் தமிழில் அச்சாகிவிட்டது.

பேப்பர் விலை ஏறும்போதெல்லாம் புலம்புகிறவன் நான். பாதிரியாருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கூடவே கோபமும் வந்தது. 1578-ல் இந்தியாவின் முதல் தமிழ் அச்சுப் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' அடித்தது கொல்லத்தில். அதுவும் கடற்கரை! உப்புக் காற்றில் நின்றுகொண்டு ஈரப் பேப்பரோடு மல்லுக்கட்டுவதற்கு, மாட்டு வண்டியை உள்நாட்டுப் பக்கம் விட்டிருந்தால் எங்கள் கரிசல் காட்டில் மொறுமொறுவென்று அடித்திருக்கலாமே. இதை வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"என்னங்க, பிள்ளைங்க சேவு கேட்குது" என்றாள்.

பொட்டலத்தை முக்கால் மணி நேரமாகத் திறந்தே வைத்திருக்கிறோம். கடித்தால் சத்தமே வரவில்லை. சாத்தூர்ச் சேவு சத்தம் போடாமல் நான் கேட்டதில்லை. அம்மா மட்டும், "பல்லுக்கு இப்பத்தான் இதமா இருக்கு" என்று பாதிக் கிலோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நுழைவாயில் பக்கத்து டீக்கடையில் தினசரி காலண்டர் தொங்கியது. எந்தக் காலண்டரைப் பார்த்தாலும் என் கண் சாமி படத்துக்குப் போகாது, அடியில் இருக்கும் பொடி எழுத்துக்குத்தான் போகும். சிவகாசி! நம்ம ஊர்ப் பிள்ளை. தாள் நாலு மூலையும் சுருண்டு, ஊருக்கு வந்த மருமகள்போல் இளைத்துப்போயிருந்தது. தேதி வேறு நேற்றையது. தொழில் பாசத்தில் எழுந்துபோய்க் கிழித்தேன். ஈரத்தில் ஒட்டியிருந்த தாள்கள் மூன்றாகச் சேர்ந்து வந்துவிட்டன.

"பாத்துண்ணே, நாளன்னைக்குப் போயிட்டீங்க" என்றார் கடைக்காரர். "நாளைக்கு எனக்குச் சீட்டுப் பணம் கட்டுற நாள். அந்தத் தாளைக் கொடுங்க."

சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேன் ஏறினேன்.