கார்புரேட்டர் பண்டிதர்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்போர் அனைவரும் கார்புரேட்டர் பண்டிதர் ஆகிவிடுவதில்லை. ஆனால் மும்பை குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினியையோ, உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரையோ பணி ஓய்வுக்குப் பின்னும் விற்க மனமின்றி வாசலில் நிறுத்தியிருப்பவரும், சட்டைப்பையில் பேனாவுக்குத் துணையாகச் சிறு திருப்புளியொன்றைச் செருகியிருப்பவரும், எஞ்சின் எவ்வகை ஒலி எழுப்பினாலும், ஒலியே எழுப்பாவிட்டாலும், “ஜெட் அடைச்சிருக்கு” என்று தீர்ப்பு வழங்குபவரும் ஒருவரேயாயின், அவர் இவ்வினத்தைச் சேர்ந்தவர் என்று ஐயமின்றித் துணியலாம்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவியாகும். அதன் குறுகிய தொண்டை வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைவதால், பக்கத்துக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்துளையின் வழியே உறிஞ்சப்பட்டுத் தூவலாகிறது. கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் ஏறாமலும் இறங்காமலும் மிதவையும் ஊசி வால்வும் காக்கின்றன. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவைப்படும் இக்கலவையை, பண்டிதர் கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து, காதாலேயே அளந்துவிடுவார்.

இக்கருவியின் நோய்களுக்குத் தனித்தனி அடையாளங்கள் உண்டு. நின்ற நிலையில் வண்டி அணைந்து அணைந்து போனால் ஸ்லோ ஜெட்டில் தூசி இருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வேகம் எடுக்காமல் திணறினால் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு பம்பு தளர்ந்திருக்கலாம். கரும்புகை கக்கி, பிளக்கில் கரி படிந்தால், சோக் திறவாமலோ ஊசி வால்வு மூடாமலோ பெட்ரோல் மிகுதியாகப் பாய்கிறது எனலாம். பண்டிதர் இவையனைத்தையும் பிழையின்றி ஒப்பிப்பார். பின்னர் இவற்றுள் எதற்கும் போனட்டைத் திறந்து, கலவைத் திருகைக் கால் சுற்றுத் திருப்புவார். அத்திருகின் ஆட்சி வண்டி நின்று உறுமும்போது மட்டுமே செல்லுபடியாகும் என்பதும், ஓடும்போது அளவை முடிவு செய்வது மெயின் ஜெட் என்பதும் அவர் அறியாதவையல்ல. ஆயினும் கைக்கு எட்டுவது அத்திருகுதான்.

ஆண்டில் சில நாள்கள் அவர் வாக்கு பலிப்பதும் உண்டு. அக்கினி நட்சத்திர வெயிலில், எஞ்சின் சூடேறிப் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ள, வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். பண்டிதர் துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவிட்டு, சூழ்ந்திருப்போருக்கு விளக்கவுரை நிகழ்த்துவார். உரை முடிவதற்குள் பம்பு குளிர்ந்து வண்டி கிளம்பிவிடும். இதில் கார்புரேட்டருக்குப் பங்கு சிறிதுமில்லையெனினும், புகழ் முழுவதும் அதன் கணக்கிலேயே சேர்கிறது. பேட்டரி இறங்கிய நாள்களிலோ, தெருப் பையன்கள் பின்னிருந்து தள்ள, அவர் இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்தபடி அமர்ந்து, அதை எப்போது விடுவது என்பதையும் காற்றுப் பெட்ரோல் விகிதத்தையும் ஒருசேர விளக்கிக்கொண்டு வருவார்.

இவருடைய மெக்கானிக் வேறு மரபினர். கார்புரேட்டர் கோளாறு என்று வந்த வண்டியில் அவர் முதலில் கார்புரேட்டரைத் தொடுவதேயில்லை. பிளக்குக்குத் தீப்பொறி முறையாக வருகிறதா என்றே பார்ப்பார், ஏனெனில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட் கருகினாலும் வண்டி இதேபோல்தான் திணறும். பாயின்ட்டைத் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டராக வைத்த பிறகு, பண்டிதர் தேநீர் அருந்தச் சென்ற நேரம் பார்த்து, கலவைத் திருகை மெல்ல முழுவதும் இறுக்கி, போனட்டின் உள்மூலையில் முன்பே தாம் பெயின்ட்டால் எழுதி வைத்துள்ள ‘1½’ என்ற குறிப்பின்படி அத்தனை சுற்றுத் தளர்த்திவிடுவார்.

எஞ்சின் சீராக ஓடுவதைக் கேட்டுத் திரும்பும் பண்டிதர், நேற்றுத் தாம் கொடுத்த கால் சுற்று இன்றுதான் பிடித்திருக்கிறது என்று விளக்குவார். மெக்கானிக் மறுத்துப் பேசுவதில்லை; மாதம் தவறாமல் வண்டியைக் கொண்டுவரும் ஒருவரின் கோட்பாட்டில் குறை காண்பது தொழிலுக்கு ஆகாது என்பது அவர் கண்ட ஆய்வு முடிவு.