கேக்காத பேராண்டி, மரியாதை போயிரும்!

வா பேராண்டி. பெட்டிய அந்த ஓரமா வச்சிட்டு இப்படி உக்காரு. உங்கப்பா கண்ணத் தொடச்சிக்கிட்டே பஸ் ஏறிட்டாரு. இனி ராத்திரியில உனக்கு இந்த வாட்ச்மேன் கெழவன்தான் காவல். நான் எட்டாங்கிளாசு. இந்த இன்ஜினியரிங் காலேஜ் நிக்கிற இடத்துல ஒரு காலத்துல பருத்தி எடுத்தவன். ஆனா எவன் பாஸாவான், எவன் அரியர் வைப்பான்னு பரிச்சை முடிஞ்சு அவன் படியேறி வர்ற சத்தத்த வச்சே சொல்லிருவேன். அந்த அனுபவத்துல நாலு புத்திமதி சொல்றேன், கேட்டுக்க.

முதல் புத்தி: யார்கிட்டயும் எதையும் கேக்காத. கேட்டா மரியாதை போயிரும். பன்னெண்டாவதுல நீ கணக்குல எடுத்த மார்க்குக்கு உங்க ஊரு முக்குல ஃப்ளெக்ஸ் வச்சாங்கள்ல? அப்பேர்ப்பட்ட நீ ரெண்டாம் வருசத்துக்காரன் முன்னால போயி, "அண்ணே, இந்த ஐகன் வேல்யூ புரியலண்ணே"ன்னு நிக்கலாமா? ஃப்ளெக்ஸ் என்னாவும்? வகுப்புல சார் "எனி டவுட்ஸ்?"ம்பாரு. அறுபது பேரும் தரையப் பாப்பாங்க. நீயும் பாரு. அவரு அடுத்த யூனிட்டுக்குப் போயிருவாரு. ரூமுக்கு வந்து கதவச் சாத்திக்க. யூடியூப்புல ஒருத்தரு ஓட்டமா ஓடுவாரு, நீ தலைய ஆட்டிக்கிட்டே இரு. பரிச்சைக்கு முந்தின ராத்திரி வாட்சப்புல "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்"னு ஒரு பிடிஎஃப் வரும். அத எவன் போட்டான், எந்த ரெகுலேஷனுக்குப் போட்டான்னு ஆராயாம உருப்போடு. இத்தனையும் ஒழுங்காச் செஞ்சா முதல் செமஸ்டர் கணக்குல, அதான் எம் ஒன்னுல, அரியர் உறுதி. அதுக்கு நான் கேரண்டி.

"மென்டார் போட்டுருக்காங்களே தாத்தா"ங்கிறியா? போட்டுருக்காங்கப்பா. புதுசா வர்ற பிள்ளைகளுக்கு மூணு வாரம் அறிமுக வகுப்பு நடத்தணும், இருபது பேருக்கு ஒரு வாத்தியார் துணை வேணும்னு ஏஐசிடிஇ-யில சொல்லியிருக்காக. நல்ல ஏற்பாடு. ஆனா நம்ம ஊருல நல்ல ஏற்பாடெல்லாம் கடைசியில எங்க போயிச் சேரும்? ஃபைலுக்கு. காலேஜ் தரத்த அளக்க நாக் கமிட்டி வர்ற வாரம் பாரு, மென்டார் நோட்டு ஊர்வலமா வரும். "எனி ப்ராப்ளம்?" "நோ சார்." கையெழுத்து. அடுத்த ஆளு. ஒரே சாயங்காலத்துல ஒரு செமஸ்டர் குறைதீர்ப்பும் முடிஞ்சிரும். அந்த வாத்தியாரையும் குத்தம் சொல்ல முடியாது. வகுப்பு, பேப்பர் திருத்துறது, அட்மிஷனுக்கு ஊர் ஊரா அலையிறதுன்னு அவரு கழுத்துல ஏற்கனவே நாலு பாரம்.

இப்ப கெழவன் புதுக்காளையப் பழைய காளையோட பூட்டுற கதைய எடுப்பான்னு பயந்துராத. அத வரவேற்பு விழாவுல சீஃப் கெஸ்ட் சொல்லிருப்பாரு. நான் கண்ணால பாத்தத மட்டும் சொல்றேன்.

போன வருசம் ரெண்டாம் வருசத்துப் பையன் ஒருத்தன் இருந்தான். எம் ஒன் அரியரு. கிராபிக்ஸும் நூலிழையில தப்பிச்சவன். ஒரு நாள் மெஸ்ஸுல சாப்பாடு முடிஞ்சும் அவன் மேசையச் சுத்திப் புதுப் பயக அஞ்சாறு பேரு. ஒருத்தன் கையில மினி டிராஃப்டரு, அதத் தொட்டாலே அவனுக்கு வேர்க்குது. சீனியரு எவர்சில்வர் டம்ளர நடுவுல வச்சான். "குனிஞ்சு நேரா முன்னாலருந்து பாரு. என்ன தெரியுது?" "மேல அகலம், கீழ குறுகலுண்ணே." "எந்திரிச்சு மேலருந்து பாரு." "ரெண்டு வட்டம்ணே, ஒண்ணுக்குள்ள ஒண்ணு." "முன்னால பாத்தது தாளுல இழுத்த கோட்டுக்கு மேல. மேலருந்து பாத்தது கோட்டுக்குக் கீழ. அம்புட்டுதான்." எனக்குப் பொறுக்கல. "ஏண்டா, மேலருந்து பாத்தத எதுக்குடா கீழ போடுறீக?"ன்னேன். அவன் டம்ளருக்கு அடியில ஒரு பேப்பரச் சொருகினான். "மேல நின்னு பாக்குறோம் தாத்தா, ஆனா அதோட உருவம் டம்ளரத் தாண்டி இந்தப் பேப்பர்லதான விழுது? அதான் கீழ. இதுக்குப் பேரு ஃபர்ஸ்ட் ஆங்கிள்."

எட்டாங்கிளாசுக்காரனுக்கே புரிஞ்சிருச்சு! இத அவங்க சாருக்குச் சொல்லத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா தனக்கு அது புரியாம இருந்த நாளு அவருக்கு மறந்து போச்சு. இந்தப் பயலுக்கு அதுக்கு முந்தின வருசந்தான் புரிஞ்சுது. எந்த வரியில முழிப்பீக, எந்தக் கோட்டத் தப்பா இழுப்பீகன்னு அவனுக்கு அத்துப்படி. அதனால சீனியர் பிடிக்கிறதா இருந்தா யுனிவர்சிட்டி ரேங்குக்காரனத் தேடிப் போகாத. "இது ஈஸிடா"ன்னு சொல்லியே உன்னக் கொன்னுருவான். போன வருசம் தடுக்கி விழுந்து, இந்த வருசம் எந்திரிச்சவனாப் பாரு.

அதே மேசையிலதான் கேய்லி ஹாமில்டன் தேற்றமும் என் காதுல விழுந்துச்சு. எந்தச் சதுர அணியும் தன்னோட சமன்பாட்டுக்குத் தானே கட்டுப்படுமாம். தான் சொன்ன சொல்லுக்குத் தானே கட்டுப்படுற ஆள நம்ம பஞ்சாயத்துல பாத்து எத்தன நாளாச்சு! வெறும் அணி கட்டுப்படுதாம்ல.

சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக் குடுக்கிறது ஏதோ சீமைச் சரக்குன்னு நெனச்சிராத. எங்கப்பா படிச்ச திண்ணைப் பள்ளியில சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தன் உண்டு. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் குடுப்பான், அண்ணாவி திண்ணையில சாஞ்சிருப்பாரு. நம்ம லைப்ரரியன் அய்யா இதுக்கு ஒரு வால் வச்சாரு. ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரி, 1789-ல சென்னப் பட்டணத்துல எழும்பூர் ராணுவ அநாதப் பிள்ளைக பள்ளிக்கூடத்தப் பாத்துக்கிடுற பொறுப்புக்கு வந்தாராம். நம்ம பிள்ளைக மணல்ல வெரலால எழுதிப் படிக்கிறதப் பாத்துட்டு, அத அங்கயும் செய்யச் சொல்லியிருக்காரு. வாத்தியார்மாரு இது தோதுப்படாதுன்னுட்டாக. மனுசன் அசரல. எட்டு வயசுப் பொடியன் ஒருத்தனக் கூப்பிட்டுச் சின்னதுகளுக்கு நீ சொல்லிக் குடுன்னு விட்டாரு. நடந்துருச்சு. 1797-ல லண்டன்ல அதப் புத்தகமாவே போட்டாரு. இங்கிலாந்துல 'மெட்ராஸ் முறை'ன்னே பேரு. அவரு விட்டுட்டுப் போன காசுல, சொந்த ஊரு செயின்ட் ஆண்ட்ரூஸ்ல 1833-ல தொறந்த பள்ளிக்கூடம் 'மெட்ராஸ் காலேஜ்'ங்கிற பேருல இன்னைக்கும் நடக்கு. இப்ப அதே சரக்கு 'பியர் மென்டாரிங்'னு கோட்டு மாட்டிக்கிட்டு நம்ம செமினார் ஹாலுக்கு வந்து, பவர்பாயின்ட்டுல நமக்கே வகுப்பெடுக்குது. கைதட்டிட்டு சமோசா சாப்பிட்டு வாரோம்.

ஆனா வெளிநாட்டுக்காரன் ஒரு விசயத்துல கெட்டிக்காரன். அமெரிக்காவுல மிசௌரி பல்கலைக்கழகத்தோட கான்சஸ் சிட்டி கிளையில 1973-ல ஒரு ஏற்பாடு தொடங்குனாக. இவன் மக்கு, அவன் ஸ்லோ லேர்னருன்னு பிள்ளைக நெத்தியில எழுதல. பாடத்து நெத்தியில எழுதுனாக: இது கஷ்டமான பாடம், நெறையப் பேருக்கு இடறும். அந்தப் பாடத்துல தேறின மாணவன் மறுபடியும் அதே வகுப்புல வந்து உக்காரணும், பெறகு எல்லாரோடயும் சேந்து அலசணும். முதல் மார்க்குக்காரனும் வரலாம், கடைசிப் பெஞ்சும் வரலாம். நம்ம காலேஜ்கள்ல? "ஸ்லோ லேர்னர்ஸ் லிஸ்ட்"ன்னு நோட்டீஸ் போர்டுல பேர ஒட்டிட்டு, ஏன் பய ஸ்பெஷல் கிளாசுக்கு வரலன்னு ஆராய்ச்சி பண்ணுதாக.

இன்னொண்ணும் சொல்லணும், இதுல விளையாட்டு இல்ல. சீனியர்னதும் உங்கம்மா பயப்படுறதுல நியாயம் இருக்கு. 1996-ல சிதம்பரத்துல ஒரு மருத்துவ மாணவன சீனியர் ஒருத்தன் கொன்னே போட்டான். 1997-ல ராகிங்கத் தடுக்கத் தமிழ்நாட்டுல தனிச் சட்டமே வந்துச்சு. புதுப் பிள்ளைகளத் தனியாத் தங்க வைக்கணும்னு யுஜிசி விதியும் இருக்கு. அதான் ராத்திரி நடுக் கேட்டப் பூட்டுறேன். ஒண்ணு தெரிஞ்சுக்க: "என் ரெக்கார்ட எழுதிக் குடுடா"ன்னு சொல்றதும் அந்த விதிப்படி ராகிங்தான். எழுதச் சொல்றவன் சட்டாம்பிள்ளை இல்ல, சண்டியரு. ராகிங் புகாருக்கு 1800-180-5522-ன்னு ஒரு நம்பரு, போன்ல ஏத்தி வச்சுக்க. உனக்கு எழுதிக் காட்டுறவன் எவனோ, அவன் உன் ஆளு. பகல்ல மெஸ்ஸு இருக்கு, லைப்ரரி இருக்கு. அங்க பிடி அவன.

எலே, மாடிப் படியில நின்னு ஒட்டுக் கேக்குற மூணாம் வருசமே! நீயும் கேளு. அந்த டம்ளர் பையன் புதுசுகளுக்கு எம் ஒன் சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்தே தன் அரியரக் கழிச்சிட்டான். தர்மம் பண்றதா நெனச்சு ஒண்ணும் கெழிக்க வேணாம். உன் சுயநலத்துக்காவது கீழ எறங்கி வா.

இப்ப தியரிப் பேப்பர் மார்க்குல 40 இன்டர்னல், 60 யுனிவர்சிட்டி. அதனால பேராண்டி, முதல் இன்டர்னல் பேப்பர் கையில வந்த அன்னைக்கே, அதுல என்ன மார்க்கு இருந்தாலும் மடிச்சுப் பெட்டிக்குள்ள வைக்காத. சாயங்காலமே எடுத்துக்கிட்டுப் போயி, "அண்ணே, இந்த வரிக்கு மேல எனக்கு ஓடலண்ணே"ன்னு வெரல வச்சுக் காட்டு. ஞாயித்துக் கெழமைக்குத் தள்ளிப் போடாத, அன்னைக்கு அவன் துணி தொவைக்கப் போயிருவான்.