ஜொகூர்க் காட்டில் யானை உண்டென நிறுவும் முறை

ஜொகூர் மாநிலக் காட்டில் யானை உண்டு. புலியும் உண்டு. இவ்விரண்டையும் ஐயந்திரிபற நிறுவுவதே இச்சிறு நூலின் நோக்கம். ‘போய்ப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கு ஒரு நூலா?’ என்று கேட்பவர்கள் இன்னும் போய்ப் பார்க்காதவர்கள். பணம் கட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் இந்நூல் தேவைப்படுகிறது.

முதலில் களம். எண்டாவ் ரொம்பின் என்பது ஜொகூருக்கும் பகாங்குக்கும் இடையில் கிடக்கும் பழங்காடு. 1976இல் தொடங்கிய மூன்றாம் மலேசியத் திட்டம் இதைத் தேசியப் பூங்காவாக்கலாம் என்று சொன்னது. ஆனால் நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம் என்கிறது அரசியலமைப்பு. அந்த அதிகாரம் இருப்பதை எல்லோரும் மறந்துவிடக் கூடாதே என்று 1977இல் பகாங் அரசு நடுக்காட்டில் மரம் வெட்ட உரிமம் கொடுத்தது. மலாயா இயற்கைக் கழகமும் பத்திரிகைகளும் போட்ட சத்தத்தில் வெட்டு நின்றது. பிறகு 1985-86இல் அதே கழகம் ஆய்வாளர்களைத் திரட்டிக்கொண்டு உள்ளே போய், அங்கே என்னென்ன இருக்கிறது என்று எழுதி வைத்தது. காப்பாற்றியது எதை என்று பிற்பாடு தெரிந்துகொள்வதும் ஒரு முறைதான். ஜொகூர் 1989இல் பூங்காக் கழகத்துக்குச் சட்டம் இயற்றி, 1993இல் தன் பக்கத்து 48,905 ஹெக்டரைப் பூங்காவாக அறிவித்தது. பகாங் தன் பக்கத்தைத் தானே வைத்துக்கொண்டது. ஆக, ஒரு காடு, இரண்டு பூங்கா. யானைகள் இந்த ஏற்பாட்டை இன்னும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

போகும் வழி: குளுவாங் பக்கம் காஹாங்கிலிருந்து 56 கிலோமீட்டர் செம்மண் தடம், ஃபோர் வீல் வண்டியில். தடத்தின் இருபுறமும் வெகுதூரத்துக்குச் செம்பனை. கடைசியில் ஜக்குன் மக்களின் கம்போங் பெத்தா. அங்கிருந்து வழிகாட்டி, படகு, நடை.

பயணிகள் ‘சஃபாரி’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு வருவதால் ஆப்பிரிக்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ருவாண்டாவின் அக்காகெரா பூங்கா, 1994இன் படுகொலைக்குப் பிறகு ஊர் திரும்பிய அகதிகளைக் குடியமர்த்துவதற்காகத் தன் நிலத்தில் பாதியை இழந்தது. மாடு மேய்க்க வந்தவர்கள் நஞ்சு வைத்ததில் சிங்கமே இல்லாமல் போனது. 2015இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 7 சிங்கங்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். 2017இல் 18 கறுப்புக் காண்டாமிருகங்கள் வந்தன. இன்று அங்கே வழிகாட்டி ஜீப்பை நிறுத்தி விரலை நீட்டினால், விரல் முடிகிற இடத்தில் சிங்கம் படுத்திருக்கும். புல்வெளி என்பதால் மறைந்துகொள்ளவும் வழி கிடையாது. எண்டாவ் ரொம்பினிலும் வழிகாட்டி விரலை நீட்டுவார். விரல் முடிகிற இடத்தில் ஓர் இலை இருக்கும்.

இந்த நெருக்கடியைத் தமிழ் நூல் ஒன்று முன்பே எதிர்பார்த்திருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில், அளவைவாதி என்பவர் ஒரு பொருள் உண்டு என்று அறிவதற்குப் பத்து வழிகளை எடுத்துரைக்கிறார். காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, ஐதிகம், அபாவம், மீட்சி என்று போகும் அந்த வரிசை. அதே காதையின் கடைசியில் பூதவாதி வருகிறார். கண்ணால் கண்டது மட்டுமே உண்மை, மற்றதெல்லாம் பேச்சு என்பது அவர் கட்சி. சுற்றுலாப் பயணிகள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், ஜீப்பில் ஏறியதும் பூதவாதிகள் ஆகிவிடுகிறார்கள். வழிகாட்டிகள் அளவைவாதிகள். ஜொகூர் சஃபாரி என்பது இவ்விரு கட்சிகளுக்கும் இடையே, மழைக்கோட்டு அணிந்து நடத்தப்படும் வாதம். (மணிமேகலை சாவக நாட்டுக்கு வான்வழியே போனவள். போகிற வழியில் ஜொகூரைப் பார்த்திருப்பாள் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆதாரமில்லை.)

காண்டலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காண்டலுக்கு உறுதியாக அகப்படும் ஒரே காட்டுயிர் அட்டை. தரையில் நின்று தலையாட்டுவது பழுப்பு அட்டை. இலை நுனியில் இடுப்பு உயரத்தில் காத்திருக்கும் வரியோடிய வகையைப் புலி அட்டை என்பார்கள். அது கடித்தால் சுருக்கென்று தெரியும். மற்றது கடித்தது, காலுறை சிவந்த பிறகுதான் தெரியும். புலி பார்க்க வந்தவருக்கு இவ்வகையில் பெயரளவிலாவது நிறைவு உண்டு. அட்டையை அலட்சியமாகப் பிய்த்து எறிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வியட்நாம் மலைக்காட்டில் பிடித்த 25 அட்டைகளைச் சோதித்தார்கள். 21 அட்டைகளின் வயிற்றில் பாலூட்டிகளின் மரபணு கிடைத்தது. மனிதக் கண்ணுக்கு எளிதில் சிக்காத முயலும் மானும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதாவது, யாரைக் கண்டோம் என்பதை அட்டை மாதக்கணக்கில் வயிற்றில் வைத்திருக்கிறது. காட்டில் பூதவாதியின் கடும் விதிக்கு உட்பட்டு நடக்கும் சாட்சி அது ஒன்றுதான். இந்த முறையில் எண்டாவ் ரொம்பின் அட்டைகளைச் சோதித்தால், கோலாலம்பூர், சிங்கப்பூர்வாசிகள் அந்தக் காட்டில் ஏராளமாக வாழ்வது ஐயமின்றி நிரூபணமாகும்.

கருதலே இந்தக் கலையின் உயிர். இதற்கு அளவைவாதி காட்டும் உதாரணத்தை வாசிக்கையில், அவர் காஹாங் வழியாகத்தான் வஞ்சிக்குப் போயிருக்க வேண்டும் என்று தோன்றும்: காட்டுக்குள்ளிருந்து யானையின் சத்தம் கேட்டால், அங்கே யானை உண்டு என்று உணர்வது. இன்னொன்று, ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று உணர்வது. கம்போங் பெத்தாவில் எண்டாவ் ஆறு திடீரென்று தேநீர் நிறத்தில் கலங்கினால், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே படகோட்டி படகை மேலே இழுத்துக் கட்டிவிடுவார். பூதவாதி வானத்தைக் காட்டிச் சண்டை போடுவார். ஆண்டு முடிவில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் பூங்காவையே மூடிவிடுவது இந்த வெள்ளத்தால்தான்.

சாணம் கருதலின் தலைமைச் சான்று. வழிகாட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓர் உருண்டையைக் குச்சியால் பிளப்பார். மேலே வண்டு மொய்த்திருந்தால் நேற்றையது. உள்ளே சூடு இருந்தால் இன்று காலையது. சூடு பார்க்க விரலை நுழைக்க வேண்டும், அந்த மரியாதை பெரும்பாலும் விருந்தினருக்கே வழங்கப்படும். யானை தின்பதில் பாதிக்கும் மேலானது செரிக்காமலே வெளியேறுவதால், உருண்டை ஒரு சாப்பாட்டு ரசீது: மூங்கில் நார், கோரைப்புல், காட்டுப்பழ விதை. சில உருண்டைகளில் நீளமான, வெளிறிய, தடித்த நார் தென்படும். அது இந்தக் காட்டில் விளையாதது. பெயரைச் சொல்லாமல் வழிகாட்டி குச்சியைத் தோட்டத்துப் பக்கம் நீட்டுவார்.

அடுத்தது காலடி. முன்னங்காலின் தடத்தைச் சுற்றிக் கொடியை வைத்து அளந்து, அந்தச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோளுயரம். இது பாகர்களும் விலங்கியலாரும் ஒன்றுபடும் அபூர்வமான இடம். ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் இரண்டு மீட்டர் அறுபது. இவ்வாறு, பார்க்காத யானைக்குச் சட்டை தைக்கும் அளவுக்கு விவரம் கையில் வந்துவிடும். எண்ணிக்கையும் இப்படித்தான். தாமான் நெகாரா காட்டில் சாணக் குவியல்களை எண்ணி, அவை மக்கும் வேகத்தைக் கணக்கில் கொண்டு, 631 யானை என்று முடிவு செய்தார்கள். பிழை வரம்பு 436இலிருந்து 915 வரை. தன் மாணவர் எண்ணிக்கையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லத் தெரியாத டியூஷன் மையங்கள் உண்டு.

உவமத்துக்கு நூலின் உதாரணம், காட்டுப் பசு நாட்டுப் பசுவைப் போலிருக்கும் என்பது. ஜொகூருக்குத் தபீர் பொருந்தும். முன்பாதியும் கால்களும் கறுப்பு, தோளுக்குப் பின்னால் இடுப்புவரை வெள்ளை, மூக்கு தொங்கும். வெள்ளை வேட்டி கட்டிய பன்றி என்று சொல்லிவிட்டால், இரவில் சாலையைக் கடக்கும்போது யாருக்கும் அடையாளம் தெரியும். வண்டியின் வேகம் குறைகிறதா என்பது உவமத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஐதிகத்துக்கு அளவைவாதி சொல்வது, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்ல, நம்புவது. உள்காட்டில் புவாயா சங்குட் என்றொரு பெரிய அருவி இருக்கிறது. அதில் ஒரு முதலை மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்பது ஊர்ப் பேச்சு. நாள் முழுக்க நடந்து போய்ச் சேர்ந்தவர்கள் பாறையில் முதலையைக் காண்கிறார்கள். அவ்வளவு நடந்த பிறகு யாருக்குமே தெரியும்.

ஆகமம், அதாவது பெரியோர் வாக்கு. மலேசிய அரசுச் சின்னத்தில் இரண்டு புலி, ஜொகூர் அரசுச் சின்னத்தில் இரண்டு புலி, ஜொகூர் கால்பந்துக் குழுவுக்குப் பட்டப்பெயர் தெற்கத்திப் புலிகள். இவை எண்ணிக்கையில் குறையாதவை. 2008இல் வெளியான தேசியப் புலிப் பாதுகாப்புத் திட்டம், 2020க்குள் நாட்டில் 1,000 காட்டுப் புலிகள் இருக்கும் என்று இலக்கு வைத்தது. 2016 முதல் 2020 வரை காடெங்கும் தானியங்கிக் கேமரா கட்டி, வரிகளைக் கைரேகைபோல ஒப்பிட்டுக் கணக்கெடுத்ததில், 150க்கும் குறைவு என்று தெரியவந்தது. ஆகமமும் காண்டலும் முரண்பட்டால் எதைக் கொள்வது என்பதில் சமயவாதிகளிடையே பழைய வழக்கு உண்டு. இங்கே தீர்க்க இடமில்லை.

அபாவம் என்பது ஒரு பொருள் அவ்விடத்தில் இல்லை என்று அறிவது. 1970, 80களில் தீபகற்பத்தில் சுமத்திராக் காண்டாமிருகத்தைத் தேடுபவர்கள் முதலில் வந்த இடம் எண்டாவ் ரொம்பின். காலடி, சேற்றுக்குழி, கடித்த கன்று என்று கருதலாலேயே அதன் இருப்பைப் பதிவு செய்தார்கள். பிறகு தடங்கள் குறைந்தன. பிறகு நின்றன. 2019 நவம்பர் 23இல் சபாவில் இமான் என்ற பெண் காண்டாமிருகம் இறந்ததோடு மலேசியாவில் அந்த இனம் முடிந்தது. பத்து அளவைகளில் எதிர்வாதம் இன்றி முழுமையாக நிறுவப்பட்டது இது ஒன்றே.

எஞ்சியவற்றில் அருத்தாபத்திதான் நமக்கு முக்கியம். கங்கையில் ஆயர் சேரி என்று ஒருவர் சொன்னால், தண்ணீருக்கு நடுவில் என்று கொள்ளாமல் கங்கைக் கரையில் என்று கொள்வது. இதைப் போலவே, எண்டாவ் ரொம்பின் யானை என்று விளம்பரத்தாளில் இருந்தால், எண்டாவ் ரொம்பினின் கரையில் உள்ள யானை என்று கொள்ள வேண்டும். உரையாசிரியர்களின் சாமர்த்தியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. தீபகற்பத்திலும் போர்னியோவிலும் 102 யானைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அந்த யானைகள் தங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியேதான் செலவிட்டன. வெளிச்சம் படும் காட்டோரத்தில் புல்லும் மூங்கிலும் தழைக்கும்; நிழல் கவிந்த முதுகாட்டில் யானையின் வாய்க்கு எட்டுவது குறைவு. காடு இருக்கட்டும், பக்கத்தில் சாப்பாடும் இருக்கட்டும் என்பது அதன் கட்சி.

அப்படிப் பார்த்தால் ஜொகூரில் நம்பகமான சஃபாரி தோட்டத்தில்தான் நடக்கிறது. காஹாங், மெர்சிங், கோத்தா திங்கி வட்டாரத்தில் நம்மவர்கள் அதைத் தலைமுறைகளாக, நுழைவுச்சீட்டு இல்லாமல், பார்த்து வருகிறார்கள். புதிதாக நட்ட செம்பனைக் கன்று யானைக்கு விருப்பமானது. காலால் அணைத்து, தும்பிக்கையால் சுழற்றி இழுத்து, வெள்ளைக் குருத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மட்டையை வரிசை கலையாமல் விட்டுப் போகும். மின்வேலி போட்டால், மரத்தை அதன்மேல் தள்ளிவிட்டுத் தாண்டும். வனவிலங்குத் துறை 1974 முதல் தனிப் படை வைத்து யானைகளைப் பிடித்து, லாரியில் ஏற்றித் தொலைதூரக் காடுகளில் விட்டு வருகிறது. அவற்றில் சில நடந்தே திரும்பியிருக்கின்றன. யானையை ஜீப்பில் தேடிப் போகும் வழக்கம் உலகெங்கும் உண்டு. யானையையே வண்டியில் ஏற்றிக் காட்டைச் சுற்றிக் காட்டும் வழக்கத்துக்கு நாம்தான் முன்னோடி.

மீட்சியையும் இங்கேயே சேர்த்துவிடலாம். இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது அதன் இலக்கணம். செம்பனை ஏற்றுமதிக் கணக்கை வாசிப்பவர்களுக்கு இதில் உரை வேண்டாம்.

இனி ஒரு வழக்குரை. பூங்காவில் எதையும் பார்க்காமல் திரும்பிய ஒரு பூதவாதி, அந்தி சாயும் நேரத்தில் தோட்டத்து கேட்டில் வண்டியை நிறுத்தி, அங்கே காவலிருந்த ஜாகாவிடம் கேட்டார்.

“அண்ணே, இந்தப் பக்கம் யானை வருமாண்ணே?”

“வரும் தம்பி. நேத்து ராத்திரிகூட ஆறு உருப்படி. புதுக்கன்னு பூராத்தையும் புடுங்கிப் போட்டுட்டுப் போயிருச்சு.”

“பாக்கணும்ணே. எவ்வளவு ஆகும்?”

ஜாகா வண்டியின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தார்.

“காசெல்லாம் வேணாம் தம்பி. இதுல எத்தனை ஏத்திக்குவீங்க, அதைச் சொல்லுங்க.”