அமூருக்கு எதுகை

ஏலே பேராண்டி, விடியக்காலமே கண்ணாடி முன்னால நின்னு 'அமோர், அமோர்'னு மோருக்கு அழுத பிள்ளை மாதிரி கூவுதியே, அது மோர் இல்லலே. அமூர். பிரெஞ்சுல காதல்னு அர்த்தம். சுடுசாயாவை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு 'மூ' சொல்லு. கடைசி 'ர்' நாக்குல வராது. கரிமீன் முள்ளு தொண்டையில சிக்கினா ஒரு கரகரப்பு வருமே, அதான். நீ மயங்கிக் கிடக்குற அந்தப் பிள்ளைகிட்ட சொல்லும்போது ரெண்டடி தள்ளி நின்னு சொல்லு.

மாஹேயில 1954 வரைக்கும் பிரெஞ்சுக் கொடி பறந்துச்சு. அந்தக் கொடியே நம்ம இடப்பள்ளிக்கு வரலை, நீ சொல்லைக் கொண்டாந்துட்ட.

பிரெஞ்சுக்காரன் அதை அ, மூர்னு ரெண்டா ஒடிப்பான். நம்ம யாப்புல குறிலும் நெடிலும் ஒற்றும் சேர்ந்து ஒரே நிரையசை. வெண்பாக் கடைசியில நின்னா வாய்பாடு 'மலர்'. நம்ம 'காதல்' நேர்நேர், தேமா. அவன் சரக்கு பூவோட நிக்குது, நம்மது மாங்காயே காய்ச்சிருச்சு. இலக்கணம் அதைவிடக் கூத்து. அமூர் ஒருமையில ஆண்பால். பன்மையில, ஏட்டு வழக்குல, பெண்பாலாகிரும். நீ ஒண்ணோட நிறுத்திக்கோ.

எதுகை தேடிப் பார்த்தேன். ரெண்டாம் எழுத்து 'மூ'. மொதல்ல சிக்கினதே 'சமூகம்'. சரி, மோனையாவது இருக்கான்னு பார்த்தா 'அப்பா'. உங்கப்பன் அடுக்களையிலதான் இருக்கான், மெல்லக் கூவு.

சிரிக்காதலே. இந்த ஊரு காதலைப் பார்க்காத ஊரில்ல. நீ தெனம் ஏறுத மெட்ரோ ஸ்டேஷனுக்கு கவிஞர் சங்கம்புழ பேருதான். அவரு கூட்டாளி, கவிஞர் இடப்பள்ளி ராகவன் பிள்ளை காதல்ல தோத்து 1936-ல உயிரை விட்டாரு. அந்தத் துக்கத்தைத்தான் சங்கம்புழ ஆட்டிடையன் கதையாக்கி 'ரமணன்'னு பாடினாரு. அதே வருஷம். படிச்சுட்டுக் கேரளமே அழுதுச்சு. நீ அந்த வழிக்குப் போயிராத, சாயா குடி.

பிரெஞ்சுக்காரனுக்கு எதுகை கடைசியிலதான், நம்ம இயைபு மாதிரி. அப்படிப் பார்த்தா அமூருக்கு என்ன சேரும்? 'ஊர்'. மொத்த ஊரும் சேரும். திருச்சூர், ஆலத்தூர், குருவாயூர். குருவாயூர்ல முகூர்த்த நாளு வந்தா வரிசையில நின்னு தாலி கட்டுதாங்க. இங்கேருந்து பஸ்ஸு இருக்கு. உங்கம்மைகிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?